காசநோயின் கதை – 9: கட்டிலா, வீடா?

சென்ற வாரம்: கணிதமேதை ராமானுஜனுக்கு 1917இல் காசநோய் என்று கருதி இங்கிலாந்தின் மெண்டிப் மலைச் சானடோரியத்தில் சிகிச்சை பார்த்த டாக்டர் சௌரிமுத்து, தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியதைப் பார்த்தோம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. அன்றைக்கு வைத்தியம் என்று இருந்தது அவ்வளவுதான். இந்த வாரம், நிஜமான மருந்து வந்த பிறகு நடந்தது.

திண்ணையில் ஒதுங்கிய பாய்

1950 வாக்கில் மல்லாங்கிணற்றில் ஒருவருக்கு இருமும்போது ரத்தம் வந்தால் என்ன செய்திருப்பார்? அன்றைக்கு இந்தப் பக்கமெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகர் போய் அங்கிருந்து மதுரைக்கோ, காரியாபட்டி வழியாக நேராக மதுரைக்கோ பஸ் ஏறி, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "சானடோரியத்தில் சேர வேண்டும்" என்றிருப்பார். தாம்பரம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். மதனப்பள்ளி அருகே மிஷனரிகள் 1912இல் நிறுவிய ஆரோக்கியவரம் அதைவிடச் சுற்று. எங்கே போனாலும் காலிக் கட்டிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

சேர்ந்தாலும் மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிறவரோ, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவரோ ஒரு வருஷம் படுத்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அதனால் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பினார்கள். திண்ணையில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. வீட்டில் பெண் இருந்தால் சம்பந்தம் பேச வந்தவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். எலும்புருக்கி என்ற பேரை வாய்விட்டுச் சொல்லாமல், "அவருக்கு இளைப்பு" என்று குரலைத் தாழ்த்தினார்கள்.

படித்தவர்களுக்கும் பேர்பெற்றவர்களுக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. புதுமைப்பித்தன் இதே நோயில் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு 42 வயது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் கட்டுப்படுத்துகிறது என்பதை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முறையான சோதனை மூலம் நிறுவி வெளியிட்டது.

மருந்து வந்தது

ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. ஸ்வீடனில் லேமன் உருவாக்கியிருந்த பி.ஏ.எஸ். என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பழக்கம் தடைப்பட்டது. காசநோய்க்கு ஒரு மருந்து போதாது என்ற விதி அன்று எழுதப்பட்டது. இன்றும் அது மாறவில்லை.

1952இல் ஐசோனியசிட் வந்தது. அது ஊசி இல்லை, மாத்திரை. விலையும் மலிவு. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ மருத்துவமனையில் இதை முதலில் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டு, வார்டுக்குள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். அந்த வார்டுகளைப் பல வருஷங்களாகத் தாங்கி நின்றவர்கள் கறுப்பினச் செவிலியர்கள். நோய்க்குப் பயந்து வெள்ளைச் செவிலியர்கள் விலகிய பிறகு, மற்ற மருத்துவமனைகளில் நிறத்தின் பேரால் வேலை மறுக்கப்பட்ட இந்தப் பெண்களை அங்கே அழைத்து வந்திருந்தார்கள். எந்த நோயாளிக்கு எப்போது மாத்திரை கொடுத்தது, காய்ச்சல் எவ்வளவு, எடை எவ்வளவு, என்ன மாற்றம் என்று நாள்தோறும் அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இல்லாமல் அந்தச் சோதனை நடந்திருக்காது. மருந்தின் வரலாற்றில் விஞ்ஞானிகளின் பேர் இருக்கிறது. செவிலியர்களின் பேரை உலகம் தேடி எடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சேத்துப்பட்டில் எழுந்த கேள்வி

இந்தியாவில் நிலைமை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 1955 முதல் 1958 வரை நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தியது. ஆயிரம் பேரை எக்ஸ்ரே எடுத்தால் 13 முதல் 25 பேருக்கு நுரையீரலில் நோய் இருந்தது. 2 முதல் 8 பேரின் சளியில் கிருமியே இருந்தது. அதைவிடத் திகைக்க வைத்தது இன்னொன்று. காசநோய் என்றால் ஆலைத் தொழிலாளர் சேரியின் நோய், பட்டணத்து நோய் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கிராமத்திலும் ஏறத்தாழ அதே அளவு இருந்தது. லட்சக்கணக்கானோருக்கு நோய், சில பத்தாயிரம் கட்டில்கள். எத்தனை சானடோரியம் கட்டினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

அப்படியென்றால் நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன? நினைக்கவே பயமான யோசனை அது. ஒண்டுக்குடித்தன வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு மாத்திரை மட்டும் வேலை செய்யுமா? கூடப் படுக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

இதற்கு விடை தேடத்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. மாநிலத்தின் முதல்வர் அப்போது விருதுநகர்க்காரர் காமராஜ். மையத்தை வழிநடத்த லண்டனிலிருந்து டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வந்தார். பிற்பாடு காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இலிருந்து தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பேர் மாறி நிற்பது இதுவேதான்.

கதவைத் தட்டியவர்கள்

சென்னை நகரத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து, சளியில் கிருமி இருந்த 193 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். சானடோரியம் போனவர்களுக்குக் கட்டில், ஓய்வு, முட்டை, பால், எந்நேரமும் செவிலியர். வீட்டில் இருந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளும் அட்டை.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இத்தோடு நிறுத்திவிட்டு முடிவுக்குத் தாவிவிடுவார்கள். இடையில் இருக்கிற ஆட்களைப் பார்க்க வேண்டும். வீட்டு நோயாளிகளைத் தேடிப் பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும் போனார்கள். சொல்லிவிட்டுப் போகவில்லை, திடீரென்று போனார்கள்.

பி.ஏ.எஸ். சின்ன மாத்திரை அல்ல. ஒரு நாளைக்குப் பத்து கிராம் வரை, மாவுத் தகட்டில் பொதிந்த பெரிய பெரிய உறைகள். வயிற்றைப் புரட்டும். சிலருக்குப் பேதியாகும். முதல் மாதத்தில் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, உடம்பு தேறியதும், "இன்னும் எதுக்கு இந்தக் கருமம்" என்று தோன்றும். செவிலியர் வந்ததும் டப்பாவைக் கேட்பார். மிச்சம் எத்தனை என்று எண்ணுவார். தேதிக்கும் எண்ணிக்கைக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். எண்ணிக்கையை நம்பிவிட முடியாது. நாலைந்து உறையைக் கூரைமேல் எறிந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். அதனால் சிறுநீரும் வாங்கிக்கொள்வார். பி.ஏ.எஸ். உள்ளே போயிருந்தால் ஃபெர்ரிக் குளோரைடு விட்டதும் நிறம் மாறும். போகாவிட்டால் மாறாது.

பிடிபட்டவரைத் திட்டுவது செவிலியரின் வேலையாக இருக்கவில்லை. வாந்தி வருகிறதா, சாப்பாட்டோடு போட்டுப் பாருங்கள். வீட்டில் சண்டையா, மாமியாரிடம் நான் பேசுகிறேன். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதா, சீருடை இல்லாமல் வருகிறேன். இப்படிப் பேசிப் பேசித்தான் அந்த ஒரு வருஷம் ஓடும். ஆனாலும் முறையாக மாத்திரை போடாதவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். நோயாளி தானே போட்டுக்கொள்கிற மருந்தின் சிக்கல் பற்றி ஃபாக்ஸ் 1958இல் தனிக் கட்டுரையே எழுதினார். படிப்பறிவில்லாத ஏழைதான் மாத்திரையை விட்டுவிடுவான் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. எந்த நாட்டிலும் எந்த வகுப்பிலும் மனிதர்கள் அப்படித்தான்.

கணக்கு வந்தது

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. சானடோரியத்தில் எடை கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மட்டமாகவே இருந்தது, பலர் வேலைக்கும் போனார்கள். அப்படியிருந்தும் நுரையீரல் ஆறியதில் பெரிய வித்தியாசமில்லை.

குடும்பத்தாருக்கு நோய் பரவியதா? அவர்களை ஐந்து வருஷம் விடாமல் கண்காணித்தார்கள். நோயாளி வீட்டில் தங்கியதால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. பரவ வேண்டியதெல்லாம் நோய் என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவியிருந்தது. மருந்து தொடங்கியதும் தொற்று சீக்கிரம் அடங்கிவிடுகிறது. திண்ணையில் தனிப் பாயும் தனித் தட்டும் போட்டது வீண் என்பதை அறிவியல் சொன்ன நாள் அது. தட்டாலும் தம்ளராலும் காசநோய் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் போகிற கிருமியால்தான் பரவும்.

உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னை ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். தாம்பரத்தில் பேர் மட்டும் ரயில் நிலையத்துக்கு நிலைத்தது. அங்கே இருக்கும் மருத்துவமனை இன்று நெஞ்சக நோய்களுக்கானது.

மாத்திரை மட்டும் போன ஊர்கள்

1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் பிறந்தது. சென்னை ஆய்வுதான் அதற்கு அடித்தளம். கட்டில் வேண்டாம், மாவட்ட மையமும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் போதும், இலவசமாக மாத்திரை கொடுத்துவிடலாம். காகிதத்தில் அழகான திட்டம்.

இங்கேதான் இடறியது. ஆய்வில் மருந்தும் இருந்தது, கதவைத் தட்டுகிற ஆளும் இருந்தார். நாடு எடுத்துக்கொண்டது மருந்தை. ஆளை விட்டுவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை நோயாளி வந்து மாத்திரைப் பொட்டலம் வாங்கிப் போவார். அடுத்த மாதம் வராவிட்டால் ஒரு தபால் அட்டை போகும். பல நேரம் அதுவும் போகாது. ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தவர் அதற்காக எத்தனை நாள் கூலியை விடுவார்? உடம்பு தேறியதும் நின்றுவிடுவார். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரும்போது கிருமி பாதி மருந்துக்குப் பழகியிருக்கும். 1992இல் அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து திட்டத்தைத் திரும்பிப் பார்த்தபோது, சிகிச்சையை முடித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை.

இதற்கான மாற்று வழி சேத்துப்பட்டிலேயே எப்போதோ தயாராகியிருந்தது என்பதுதான் வேதனை. தினமும் வீட்டில் போட முடியாவிட்டால், வாரத்தில் இரண்டு நாள் செவிலியரின் கண்முன்னே கூடுதல் அளவில் போட்டால் என்ன என்று அங்கே சோதித்து, ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிட்டும் அப்படிக் கொடுத்தாலும் நன்றாக வேலை செய்கின்றன என்று 1964இலேயே வெளியிட்டிருந்தார்கள். ஐசோனியசிட் அதிகமானால் கைகால் மரத்துப்போகும் என்பதையும், கூடவே வைட்டமின் பி6 கொடுத்தால் அது வராது என்பதையும் கவனித்து எழுதியவர்கள் அதே மையத்தினர். பிறகு ரிஃபாம்பிசின், பைரசினமைட் வந்ததும், ஒரு வருஷச் சிகிச்சையை ஆறு மாதத்துக்குச் சுருக்கும் சோதனைகள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. மதுரையில் மையத்தின் கிளை இருந்ததால் நம் பக்கத்து நோயாளிகளும் அந்த வரலாற்றில் பங்காளிகள்.

சிவப்புப் பெட்டி

1997இல் திருத்தப்பட்ட திட்டம் வந்தது. டாட்ஸ் என்று ஊரெல்லாம் சுவரில் எழுதினார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பேர் எழுதிய ஒரு பெட்டி. புதியவருக்குச் சிவப்பு, மறுசிகிச்சைக்காரருக்கு நீலம். சிகிச்சை முடியும்வரை வேண்டிய மருந்து முழுவதும் அதற்குள். நடுவில் தீர்ந்துபோகிற பேச்சே இல்லை. வாரத்தில் மூன்று நாள், ஒருவர் பார்க்க விழுங்க வேண்டும். 2006 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் பரவியது.

கதவைத் தட்டும் ஆள் திரும்ப வந்துவிட்டார், ஆனால் இப்போது கதவு மாறியிருந்தது. தட்ட வேண்டியவர் நோயாளி. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகிறவருக்குக் காலையில் கம்பெனி வேன் ஊருக்குள் வந்துவிடும். அதை விட்டால் அன்றைய கூலி போச்சு. சுகாதார நிலையம் திறப்பது அதற்குப் பிறகு. நல்ல இடங்களில் அங்கன்வாடி அக்காவோ, பெட்டிக்கடைக்காரரோ, கிராம சுகாதாரச் செவிலியரோ பெட்டியை வைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே மாத்திரையைக் கொடுத்தார்கள். அப்படி ஒருவர் அமைந்த ஊரில் சிகிச்சை முடிந்தது. அமையாத ஊரில் அட்டையில் டிக் மட்டும் விழுந்தது.

2017இலிருந்து மறுபடி தினசரி மருந்து. நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில். முதல் இரண்டு மாதம் இது, அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலாக மூன்று. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ என்றால் மூன்று, 50 முதல் 64 கிலோ என்றால் நான்கு. அதனால் எடைபார்ப்பது சடங்கில்லை, அதுதான் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது. உடம்பு தேறி எடை ஏறினால் மாத்திரையும் கூட வேண்டும்.

முதல் நாளிலேயே செவிலியர் சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளித்தால், சாப்பாடு வெறுத்து வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால் அன்றைக்கே வாருங்கள். மூட்டு வலித்தால் சொல்லுங்கள். சளியை மூடி போட்ட டப்பாவில் துப்புங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளை, ஒருமுறை கூட்டி வாருங்கள். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு நுரையீரலும் சீக்கிரம் ஆறாது. இந்த ஐந்து நிமிஷப் பேச்சு நடக்காத இடத்தில் இரண்டாவது வாரமே மாத்திரை நின்றுபோகிறது.

திரும்பி வந்த கட்டில்

அப்படியானால் 1959 ஆய்வின்படி கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் இனி வேலையே இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. சொன்னதும் தமிழ்நாடுதான்.

காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். மருந்து சரிதான், உடம்பு அதுவரை தாங்குவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டு 2022இல் மாநில அரசு, ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. அதன் மையத்தில் இருப்பது செவிலியரின் கை. நோய் உறுதியான அன்றே எடையும் உயரமும் பார்க்கிறார். காலில் கட்டைவிரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுகிறார், 24க்கு மேல் போனால் ஆபத்து. விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறார், 94க்குக் கீழே போனால் ஆபத்து. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். முடியாதவருக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்சிஜன், சத்துணவு. எக்ஸ்ரேயும் வேண்டாம், பெரிய டாக்டரும் வேண்டாம். இந்தச் சில சோதனைகளே யார் சாகக் கூடியவர் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

சாப்பாட்டின் கதையும் இப்படித்தான் திரும்பியது. ஜார்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது, அந்த வீட்டில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளில் இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது. சென்னையில் 1950களில் கேட்டது, மருந்து இருக்கும்போது நுரையீரல் ஆற நல்ல சாப்பாடு கட்டாயமா என்று. ஜார்கண்டில் கேட்டது, யார் பிழைக்கிறார், வீட்டில் அடுத்து யாருக்கு வருகிறது என்று. இரண்டு விடையும் சரி, கேள்விகள்தான் வேறு. மத்திய அரசு 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். குடும்பத்துக்கே சத்து தேவை என்பதைப் பார்த்தால் அதுவும் கொஞ்சம்தான்.

மதுரை நான்குவழிச் சாலையில் தோப்பூருக்குப் பக்கத்தில் ஆஸ்டின்பட்டி நெஞ்சக நோய் மருத்துவமனை இன்னும் இயங்குகிறது. விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 1950இல் மல்லாங்கிணற்றுக்காரருக்குக் கிடைக்காத கட்டில் இன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது யாருக்கு வேண்டும், யார் வீட்டிலிருந்தபடி கூலிக்குப் போய்க்கொண்டே குணமாகலாம் என்று பிரித்துச் சொல்ல ஒருவர் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். 1956இல் சேத்துப்பட்டுச் செவிலியர்கள் செய்ததை ஒவ்வொரு ஊரிலும் செய்கிற ஆட்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் மிச்சமெல்லாம் வேலை செய்யும். மாத்திரைக்குச் செலவிடத் தயங்காத அரசுகள் அந்த ஆட்களின் சம்பளத்துக்குத்தான் எப்போதும் தயங்கியிருக்கின்றன. மேலே சொன்ன தோல்விகள் எல்லாமே அந்தத் தயக்கத்தில் தொடங்கியவை.

அடுத்த வாரம்: பாதியில் நின்ற சிகிச்சைகள் வளர்த்துவிட்ட கிருமி. ரிஃபாம்பிசினுக்கும் அசையாத காசநோயை இருபது மாதம் ஊசியும் மாத்திரையுமாக எதிர்கொண்டவர்கள், அது ஆறு மாதமாகச் சுருங்கிய கதை.

(தொடரும்)